இலை சிவந்து உதிரும், மூன்று புடைப்புள்ள காய் காய்க்கும் சதுப்போரப் புதர் தில்லைதானா? அதைக் கொல்லையில் வைக்கலாமா?

கடைமடைக்காரன் (திருத்துறைப்பூண்டி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் ஓரத்தில் கண்ட ஒரு புதரைப் பற்றித் தெளிவு பெற விரும்பி இதை எழுதுகிறேன். தை மாதக் கடைசியில் ஜாம்புவானோடையிலிருந்து படகில் சென்றபோது, இரு பக்கமும் கண்டல் செடிகள் கரும்பச்சையாக நிற்க, கரை சற்று மேடேறும் இடங்களில் மட்டும் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலான புதர்கள் செக்கச்செவேலென்று நின்றன. அந்தச் சிவப்பு அத்தனையும் இலை. ஒரே கொப்பில் நுனி இலை பச்சையாகவும், அதற்கடுத்தது மஞ்சளாகவும், அதற்கும் கீழே காவியாகவும், அடியில் உள்ளவை குங்கும நிறத்திலும் இருந்தன. அது தில்லை என்று சொன்ன படகோட்டி, ஒரு கொப்பை ஒடித்துப் பார்க்கக் கை நீட்டிய என் மைத்துனரைச் சத்தம் போட்டுத் தடுத்துவிட்டார். பால் கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும் என்பது அவர் சொன்ன காரணம்.

ஆவணியில் மீண்டும் அந்தப் பக்கம் போக நேர்ந்தது. அப்போது சிவப்பு சிறிதும் இல்லை. எல்லாம் பளபளப்பான பச்சை. சில புதர்களில் மஞ்சள் கலந்த பூங்கதிர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. வேறு சிலவற்றில் மிளகைவிடச் சற்றுப் பெரிய, மூன்று புடைப்புகள் கொண்ட பச்சைக் காய்கள் காம்போடு ஒட்டி வரிசையாக இருந்தன. கதிரும் காயும் ஒரே புதரில் இருந்ததாகக் கண்ணில் படவில்லை.

இது தில்லைதான் என்று எந்த அடையாளத்தைக் கொண்டு உறுதி செய்வது? சுற்றிலும் உள்ள கண்டல் பச்சையாகவே இருக்க, இது மட்டும் ஏன் இப்படிச் சிவந்து கொட்டுகிறது? முக்கியமாக, இதை நான் வளர்க்கலாமா? எங்கள் நிலம் கடைமடையில் இருக்கிறது. கோடையில் வடிகால் வழியே உப்புத் தண்ணீர் ஏறுவதால் அந்தக் கரையில் நட்ட எதுவும் தேறவில்லை. அந்தக் கரைக்கு இது பொருந்தும் என்று தோன்றுகிறது; அழகுக்காக வீட்டுக் கொல்லையிலும் ஒன்று வைக்க ஆசை. வீட்டில் சிறு பிள்ளைகளும் இரண்டு கறவை மாடுகளும் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளாற்றங்கரை (சிதம்பரம்) எழுதியது:

வணக்கம் ஐயா. கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முதல் இரண்டு கேள்விகளுக்கும் என்னால் இயன்ற அளவு விரிவாகப் பதில் சொல்கிறேன். வளர்ப்பதைப் பற்றி இங்கே நாற்றங்கால் வைத்திருப்பவர்கள் சொல்வதே பொருத்தமாக இருக்கும்.

நீங்கள் விவரித்தது தில்லையேதான். தாவரவியலில் எக்ஸோகேரியா அகலோச்சா என்று வழங்கும் இதற்கு லின்னேயஸ் 1759-இல் பெயரிட்டார். ஆமணக்கு, மரவள்ளி, குப்பைமேனி ஆகியவை அடங்கிய ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால்தான் காய் மூன்று புடைப்பாக இருக்கிறது. ஆமணக்குக் காயை முள் நீக்கிச் சுண்டுவிரல் நகத்தின் அளவுக்குக் குறுக்கினால் தில்லைக் காய் போலத்தான் இருக்கும். ஒவ்வொரு புடைப்பிலும் ஒரு விதை, உருண்டையானது, கருத்தது. காய் முற்றிக் காய்ந்ததும் மூன்று பகுதிகளும் நடு அச்சிலிருந்து விசையோடு பிரிந்து விதையைச் சிதறவிடும். விதை தண்ணீரில் மிதக்கும். கடல் ஓதம் ஏறும்போது அதனுடன் ஏறிச்சென்று, வற்றும்போது கரை விளிம்பில் தங்கும். சதுப்பின் நிலப்பக்க ஓரத்திலேயே இந்தச் செடியை அதிகமாகப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கே இன்னொரு வேறுபாட்டையும் கவனியுங்கள்: பக்கத்தில் நிற்கும் சுரபுன்னையின் காய் மரத்திலேயே முளைவிட்டு நீண்ட ஈட்டியாகத் தொங்கும், தில்லை அப்படிச் செய்வதில்லை, சாதாரண நிலத்தாவரம் போல விதையாகவே விழுந்து மண்ணில் முளைக்கும்.

அடையாளத்துக்கு இலையின் அடியைப் பாருங்கள், ஆனால் கையால் பறிக்காமல் பாருங்கள். இலைப்பரப்பு காம்போடு சேரும் இடத்தில் இரண்டு சிறு சுரப்பிகள் புள்ளியாகத் தெரியும். இலைகள் மாற்றடுக்கில் அமைந்தவை. ஓரம் மிக லேசாக அலைபோல் வெட்டுண்டிருக்கும். மேற்புறம் மெழுகு பூசியது போன்ற மினுமினுப்பு. சதுப்பில் உடன் நிற்கும் வெண்கண்டலின் இலைகளோ எதிரெதிராக அமைந்து, அடிப்புறம் சாம்பல் வெண்மையாக இருக்கும். அந்த அடிப்புறத்தை வெயில் நேரத்தில் தடவினால் உப்புத்துகள் விரலில் ஒட்டும். வேரையும் பாருங்கள். வெண்கண்டலுக்குச் சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்கள் உண்டு, சுரபுன்னைக்குக் கிளையிலிருந்து இறங்கும் தாங்குவேர்கள் உண்டு. தில்லைக்கு இரண்டும் கிடையாது; அதன் வேர்கள் சேற்றின் மேற்பரப்பிலேயே முறுக்கிப் பின்னிக்கொண்டு படர்ந்திருக்கும். இத்தனையும் ஒத்துப்போனால் பாலைப் பார்த்து உறுதி செய்ய வேண்டிய தேவையே இல்லை.

இனி நிறத்துக்கு வருவோம். நம் டெல்டாவில் இலையுதிர்வு குளிரால் நிகழ்வதன்று. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, ஆற்றில் நன்னீர் வரத்துக் குறைந்து, சேற்றில் உப்பு மெல்லமெல்லச் செறிவடையும் பருவத்தில்தான் தில்லை நிறம் மாறத் தொடங்குகிறது. உதிர்ப்பதற்கு முன் இலையிலுள்ள சத்துகளை மரம் உள்ளே இழுத்துக்கொள்ளும், பச்சையம் சிதையும், ஏற்கனவே உள்ளே இருந்த மஞ்சள் நிறமிகள் வெளித்தெரியும், அதன் பின் அந்தோசயனின் என்னும் சிவப்பு நிறமி புதிதாக உருவாகும். ஒரே கொப்பில் நீங்கள் நான்கு நிறங்களைக் கண்டது, வெவ்வேறு வயதுடைய இலைகள் இந்த வரிசையில் வெவ்வேறு படியில் நின்றதைத்தான். வெண்கண்டல் உப்பை இலைச் சுரப்பி வழியே வெளியேற்றிவிடுவதால் இலையை வைத்துக்கொண்டே காலம் தள்ளுகிறது. தில்லைக்கு அந்தச் சுரப்பி இல்லை. உள்ளே ஏறிய உப்பில் ஒரு பங்கை முதிர்ந்த இலைகளில் சேர்த்து அவற்றோடு உதிர்த்துவிடுகிறது என்று தாவரவியலார் கூறுவர். எல்லாப் புதர்களும் ஒரே வாரத்தில் சிவக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அடுத்தடுத்து நிற்கும் இரண்டில் ஒன்று மொட்டையாகவும் மற்றது முழுப்பச்சையாகவும் நிற்பதைப் பிச்சாவரத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கதிரும் காயும் சேர்ந்து இல்லாததற்குக் காரணம், தில்லையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. தொங்கும் மஞ்சள் கதிர் ஆணுடையது. பெண் கதிர் குட்டையானது, எளிதில் கண்ணில் படாது. காய்த்த பிறகே தெரியும்.

கிள்ளைக்காரி (பிச்சாவரம் பக்கம்) எழுதியது:

ஐயா விரிவாக எழுதிவிட்டார். அண்ணன் வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பதாகச் சொல்லியிருப்பதால், பாலைப் பற்றி நான் எழுதுவது அவசியம் என்று நினைக்கிறேன். நாங்கள் தலைமுறையாகக் கழிமுகத்தில் இறால் தடவியும் நண்டு பிடித்தும் பிழைப்பவர்கள். எங்கள் வீடுகளில் நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு நீரில் இறங்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே தில்லையைக் காட்டி, இதைத் தொடாதே என்று சொல்லிவிடுவோம்.

தில்லையின் எந்தப் பகுதியை ஒடித்தாலும் உடனே வெள்ளைப் பால் சொட்டும். இலைக் காம்பைக் கிள்ளினாலே போதும். தோலில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. சிறிது நேரம் கழித்துத்தான் எரிச்சல் தொடங்கி, சிவந்து, கொப்புளமாகும். ஆள் பெரும்பாலும் ஏமாறுவது இந்த இடைவெளியில்தான். ஒன்றும் ஆகவில்லை என்று எண்ணி அதே கையால் வியர்வையைத் துடைப்பார்கள், கண்ணைக் கசக்குவார்கள். கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்க முடியாது. இமை வீங்கி, சில நாள் பார்வையே மங்கிப்போகும். அப்படிப்பட்டால் கசக்காமல், சுத்தமான தண்ணீரைக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். அதன் பிறகு நேராகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். தாய்ப்பால் விடுவது, வெண்ணெய் தடவுவது போன்ற கைவைத்தியங்களில் நேரத்தைக் கடத்த வேண்டாம். பால் பட்ட துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

விறகைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காய்ந்த தில்லை இலேசான மரம், பார்ப்பதற்கு நல்ல சுள்ளி. புதிதாக வருகிறவர்கள் கரையில் கிடப்பதைப் பொறுக்கி மீன் சுட அடுப்பு மூட்டிவிடுவார்கள். அந்தப் புகை கண்ணையும் தொண்டையையும் அறுக்கும். கரையோரம் தில்லை வைத்தால், பின்னாளில் அதைக் கழித்துக் கொட்டும் கழிவை யாரும் அடுப்புக்கு எடுத்துப் போகாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பாகிவிடும்.

மாடுகளைப் பொறுத்தவரை, எங்கள் பக்கத்தில் வெண்கண்டலை விரும்பி மேயும் மாடுகள் தில்லையை ஒதுக்கிவிட்டே போகின்றன. ஆனால் கட்டிப்போட்ட மாடும் அவிழ்த்துவிட்ட மாடும் ஒன்றல்ல. எட்டும் தூரத்தில் வேறு பச்சை இல்லாதபோது கட்டிய மாடு எதில் வாய் வைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கொல்லையில் வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அம்பலத்தடியார் (மயிலாடுதுறை) எழுதியது:

எல்லோரும் அச்சமூட்டுவதையே பார்க்கிறேன். தில்லை சிதம்பரத்தின் தலவிருட்சம். அந்த ஊருக்கே அதனால்தான் தில்லை என்று பெயர். தேவாரம் பாடிய மூவரும் தில்லை என்றே அழைத்த தலத்தின் மரத்தைத் தீண்டத்தகாத நச்சுச்செடி போலப் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நம் வீடுகளில் அரளி வைக்கிறோம், எருக்கை வளர்த்து விநாயகருக்கு மாலை கட்டுகிறோம். இரண்டும் நஞ்சுதானே? அவற்றுக்கு இல்லாத தடை தில்லைக்கு மட்டும் ஏன்? பக்தியோடு ஒருவர் வீட்டில் வைத்து நீர் ஊற்ற விரும்பினால் அதில் என்ன தவறு இருக்க முடியும்?

வெள்ளாற்றங்கரை (சிதம்பரம்) எழுதியது:

அடியார் அவர்களுக்கு வணக்கம். தில்லையின் பெருமையைக் குறைத்து இங்கே யாரும் பேசவில்லை; நான் அந்த ஊரிலேயே வாழ்கிறவன். அரளியையும் எருக்கையும் நீங்கள் எடுத்துக்காட்டியது சரியான கேள்விதான். அதற்குரிய பதில், நஞ்சு எந்த வழியில் நம்மை எட்டுகிறது என்பதில் இருக்கிறது. அரளியை உட்கொண்டால்தான் பெருங்கேடு. பூப்பறிப்பதால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. எருக்கம்பாலும் கண்ணுக்குக் கேடுதான், அதில் ஐயமில்லை. ஆனால் எருக்கு பெரும்பாலும் இடுப்பளவில் நிற்பதால் பறிக்கும்போது பால் கீழ்நோக்கிச் சொட்டுகிறது. தில்லை முகத்துக்கு நேராகவும் தலைக்கு மேலாகவும் கிளைவிடும்; ஒடிக்கிறவரின் முகத்தில்தான் பால் தெறிக்கும். மேலும் தில்லைப் பாலில் உள்ள டைடெர்பீன் வகை எரிச்சலூட்டிகள் மிகக் குறைந்த அளவிலேயே தோலைப் புண்ணாக்கக்கூடியவை. பல கடலோர நாடுகளில் மீனை மயக்கிப் பிடிக்க இந்தப் பாலைப் பயன்படுத்திய வழக்கம் இருந்திருப்பதிலிருந்தே அதன் வீரியத்தை அறியலாம்.

தலவிருட்சம் என்பதில் எனக்குப் பிடித்த செய்தி வேறொன்று. இன்று சிதம்பரம் நகருக்குள் தில்லைக் காடு கிடையாது. அதைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரத்துக்குத்தான் போக வேண்டும். இது உவர்நீரின் நிலப்பக்க விளிம்பில் நிற்கும் செடி. அப்படியானால், ஊருக்கு இதன் பெயர் அமைந்த காலத்தில் அந்த விளிம்பு இப்போதைவிட மேற்கே, கோயில் இருக்கும் இடம் வரைக்கும் எட்டியிருக்கக்கூடும் என்று கருத இடமிருக்கிறது. ஆறுகள் வண்டல் கொட்டிக் கொட்டி நிலத்தைக் கடலுக்குள் நீட்டிக்கொண்டே போகும் டெல்டாவில் இது வியப்புக்குரியதன்று. அந்தக் காட்டில் தானாக நின்ற மரத்தைத்தான் நம் முன்னோர் வணங்கினார்களே தவிர, வீட்டு முற்றத்தில் நட்டு வளர்த்ததாக நான் அறியேன். வணங்குவதற்கு விலகி நிற்பதும் ஒரு முறைதானே.

உவர்நில நாற்றங்கால் (வேதாரண்யம்) எழுதியது:

கடைமடைக்காரர் ஐயாவின் மூன்றாவது கேள்விக்கு நான் வருகிறேன். கொல்லையையும் வடிகால் கரையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பதில் பொருந்தாது.

வடிகால் கரைக்குத் தில்லை மிகவும் பொருத்தமானது என்பேன். உப்பு ஏறும்போதும் தாங்கும், மழைக்காலத்தில் நன்னீர் நாள்கணக்கில் நின்றாலும் தாங்கும்; இந்த இரண்டையும் ஒருசேரத் தாங்குகிற செடிகள் மிகக் குறைவு. மேற்பரப்பில் பின்னிப் படரும் வேர் கரைமண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆடு மாடு ஒதுக்குவதால் இளங்கன்றுக்கு வேலி கட்டும் செலவும் பெரிதாக இராது. ஆனால் அந்தக் கரை ஆள் நடக்கும் பாதையாகவோ, பிள்ளைகள் தூண்டில் போட உட்காரும் இடமாகவோ இருந்தால் அங்கேயும் நடாதீர்கள். மதகைத் திறக்கப் போகும் ஆளும், வடிகால் தூர்வாரும் இயந்திரக்காரரும் இதை வெட்டித்தான் வழி உண்டாக்குவார்கள் என்பதை நினைவில் வைத்து, மதகிலிருந்து நன்றாகத் தள்ளியே வரிசையைத் தொடங்குங்கள். பொதுப்பணித் துறை வடிகாலாக இருந்தால் கரையில் எதை நடுவதற்கும் முன்னதாக அவர்களிடம் கேட்டுவிடுவது நல்லது.

சதுப்புக்குள் இறங்கி நாற்றைப் பிடுங்கிவர நினைக்க வேண்டாம். முத்துப்பேட்டையும் பிச்சாவரமும் காப்புக்காடுகள். பிச்சாவரம் 2022-இல் ராம்சர் ஈரநிலமாகவும், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. வனத்துறையின் அனுமதி இல்லாமல் அங்கிருந்து விதையோ நாற்றோ எடுப்பது குற்றம். காப்புக்காட்டுக்கு வெளியே, சொந்த நிலத்து ஓரங்களில் பல இடங்களில் தில்லை தானாக நிற்கிறது. நிலத்துக்காரரைக் கேட்டு அதிலிருந்து விதை சேர்ப்பதே நேரான வழி.

நகரத்து நாற்றங்கால்களில் தில்லை என்று சொல்லி வேறொன்றை விற்பதையும் கண்டிருக்கிறேன். இலையின் மேல்புறம் பச்சையாகவும் அடிப்புறம் ஆண்டு முழுவதும் கருஞ்சிவப்பாகவும் இருக்கும் ஓர் அழகுச்செடி அது. எக்ஸோகேரியா கொச்சின்சைனென்சிஸ் என்ற பெயருடையது; தில்லைக்கு நெருங்கிய உறவுதான், ஆனால் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது, நம் சதுப்பில் விளைவதன்று. சிவப்பைப் பார்த்து ஏமாந்து அதை உப்புக் கரையில் கொண்டுபோய் நட்டால் நிற்காது. அதற்கும் பால் உண்டு என்பதால் பிள்ளைகள் கைக்கெட்டும் தொட்டியில் வைப்பதும் சரியன்று.

கொல்லையைப் பொறுத்தவரை கிள்ளையிலிருந்து எழுதிய அம்மா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். இலை சிவந்து உதிர்வதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், நாட்டு வாதுமை ஒன்று வையுங்கள். பெரிய இலை, உதிர்வதற்கு முன் தாமிரமும் சிவப்புமாக மாறும். கடற்கரைக் காற்றையும் ஓரளவு உப்பையும் தாங்கும். பருப்பைப் பிள்ளைகள் உடைத்துத் தின்னலாம். மரமாக உயரும் என்பதால் கூரையிலிருந்து தள்ளி வையுங்கள், தினமும் கூட்ட வேண்டியிருக்கும் என்பதையும் வீட்டுப் பெண்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வினோதமான காய்தான் வேண்டும் என்றால் வலம்புரி உண்டு. நாட்டுமருந்துக் கடையில் குழந்தைகளின் வயிற்றுப் பொருமலுக்கு என்று விற்கும் முறுக்கிய காய் அதனுடையது. வறண்ட காட்டுப் புதர், கோடையில் இலை மஞ்சளித்து உதிரும், செங்கல் நிறப் பூவுக்குத் தேன்சிட்டு வரும். ஆனால் அதற்கு நீர் தேங்காத மண் வேண்டும். வல்லம் பக்கத்துச் செம்மண் மேட்டில் எளிதாக வரக்கூடியது உங்கள் களிமண்ணில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதே கடினம். அதனால் அதை உங்களுக்குப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

கடைமடைக்காரன் (திருத்துறைப்பூண்டி) எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கொல்லையில் தில்லை வைக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, நாட்டு வாதுமைக்குக் குழி எடுக்கச் சொல்லிவிட்டேன். வடிகால் எங்கள் பட்டா நிலத்துக்குள் ஓடும் சொந்த வடிகால். அந்தக் கரையில் ஆள் நடமாட்டம் அறுவடைக் காலத்தில் மட்டுமே. அங்கே ஒரு வரிசை வைக்கலாம் என்று இருக்கிறேன். எங்கள் நிலத்துக்குக் கிழக்கே, பழைய இறால் குட்டைக்காரர் ஒருவரின் கரையில் காய்க்கும் தில்லை நிற்கிறது. அவர் விதை எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். இரண்டு ஐயங்கள் பாக்கி. விதையில் முளைத்த கன்றில் ஆண் எது, பெண் எது என்று முன்கூட்டியே தெரியுமா? ஐயா சொன்னபடி காய் வெடித்துச் சிதறுமென்றால், விதையை எப்படிச் சேர்ப்பது?

கிள்ளைக்காரி (பிச்சாவரம் பக்கம்) எழுதியது:

அண்ணா, விதை சேர்க்கப் போகும் நாளில் முழுக்கைச் சட்டையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டும்போது போடும் சாதாரணக் கண்ணாடியே போதும், பக்கவாட்டில் மறைப்பு இருந்தால் இன்னும் நல்லது. காற்றுக்கு எதிராக நின்று கொப்பை வளைக்காதீர்கள். குடிக்க எடுத்துப் போகும் தண்ணீரைத் தவிர, கண் கழுவுவதற்கென்று ஒரு குடம் நன்னீர் கரையில் இருக்கட்டும். அவசரத்தில் வடிகாலின் உப்புத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொள்வது கூடாது. ஆண் கதிர் பூத்திருக்கும் நாள்களில் தேனீ மொய்த்துக்கொண்டிருக்கும், அதையும் பார்த்துப் போங்கள்.

உவர்நில நாற்றங்கால் (வேதாரண்யம்) எழுதியது:

ஆண், பெண் என்பது பூக்கும் வரை தெரியாது ஐயா. காய் வேண்டுமென்றால் ஒரே இடத்தில் ஒன்றிரண்டு மட்டும் வைக்காமல் பல கன்றுகளாக வையுங்கள். இரண்டும் கலந்து அமைந்துவிடும். கரை காப்பதுதான் நோக்கம் என்றால் எதுவாக இருந்தாலும் வேறுபாடு இல்லை. தெரிந்த பெண் செடியிலிருந்து பதியன் போட்டும் எடுக்கலாம், ஆனால் பட்டையைச் சீவும்போது பால் பெருகும். அனுபவம் இல்லாதவர் அதில் இறங்க வேண்டாம்.

விதைக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. காய் பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கும்போது, காய்த்த கொப்பின் நுனிக்குக் கொசுவலைத் துணியில் தைத்த சிறு பையை மாட்டி, வாயைச் சுருக்குக் கயிற்றால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். வெயிலில் காய் தானாக வெடித்து விதை பைக்குள் விழும். எதையும் ஒடிக்க வேண்டியதில்லை, பாலும் படாது. விழுந்த விதையை மாதக்கணக்கில் வைத்திருந்தால் முளைப்பு குறைந்துவிடும், ஆகையால் அந்த வாரத்திலேயே விதைத்துவிடுங்கள். வடிகால் சேற்றையும் மணலையும் சம அளவில் கலந்து பையில் நிரப்பி, விதை மறையும் அளவுக்கு மட்டும் மேலே மண் தூவி, முளைக்கும் வரை நன்னீரே ஊற்றுங்கள். உப்பு நிலத்தில் நிற்கும் செடியாக இருந்தாலும் முளைப்பதற்கு நன்னீரே உகந்தது. கன்று ஒரு முழம் வளர்ந்த பிறகு வடிகால் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கலந்து ஊற்றிப் பழக்கி, அடுத்த ஆண்டு புரட்டாசியில், பெருமழை தொடங்குவதற்கு முன் கரையில் இறக்குங்கள். கரையின் உச்சியிலும் வைக்க வேண்டாம், நீர் எப்போதும் நிற்கும் அடியிலும் வேண்டாம். ஓதம் ஏறும் நாளில் ஈரம் எட்டுகிற கோடு கரையில் கறையாகத் தெரியும் அல்லவா, அதற்கு ஒரு சாண் மேலே வரிசையைப் பிடியுங்கள்.